கோவை - டாக்கா: மூன்று மணி நேரம்

விமான டிக்கெட் விற்கிற தொழிலில் தொல்லை விமானத்தால் வருவதில்லை. கடைப்படி ஏறுவதற்கு முன்பே வாடிக்கையாளர் தன் போனில் பார்த்துவிட்டு வருகிற பயண நேரத்தால்தான் வருகிறது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற எல்லோருக்கும், அது மருந்துக்கடையோ வங்கியோ, நான் சொல்வது புரியும். எதிரில் நிற்பவர் நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வருவதில்லை. தனக்குத் தெரிந்ததை நாம் ஒத்துக்கொள்கிறோமா என்று பார்க்க வருகிறார்.

நான் வேலை செய்வது திருப்பூரில், ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு சின்ன டிராவல்ஸ். திருப்பூரைப் போலவே பனியன் துணியால் பிழைக்கிற ஊர் டாக்கா. அதனால் இங்கிருந்து மெஷின் ஃபிட்டர்கள், சாய மாஸ்டர்கள், துணி பரிசோதிப்பவர்கள் என்று யாராவது அங்கே போய்க்கொண்டே இருப்பார்கள். போனில் இரண்டு ஊர்ப் பெயர்களையும் போட்டால், இரண்டாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் மூன்று மணி நேரம் என்று வரும். கீழே நீல நிறத்தில் ஒரு நேர்கோடும் இருக்கும். எல்லாம் சரி, அந்தக் கோட்டின் மேல் பறக்கிற விமானம்தான் கிடையாது. சென்னையில் இறங்கி ஏறி, கல்கத்தாவில் இறங்கி ஏறி, நடுவில் காத்துக் கிடந்து போய்ச் சேரப் பெரும்பாலும் பதினோரு மணி நேரம் ஆகிவிடும்.

இதை வருகிறவர்களிடம் சொல்வதுதான் என் வேலை. எனக்கோ சொந்த ஊரான கணியூரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதற்கே குரல் எழும்பாது. முதல் நாளே என்னைப் பார்த்துப் புரிந்துகொண்ட எங்கள் முதலாளி சுமதி அக்கா, தொழில் முழுவதையும் இரண்டு வரியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"தூரத்தக் கேட்டாங்கன்னா கிலோமீட்டரச் சொல்லு கண்ணு. நேரத்தக் கேட்டாங்கன்னா டீ வாங்கிக் குடு."

வானத்தில் என்ன வளைவு

செல்லத்துரை அண்ணாச்சி ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவர். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம். குடும்பத்தோடு இங்கே திருப்பூர் மண்ணரையில் குடியிருக்கிறார். அவருடைய மகள் ஜெசிந்தா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி பரிசோதகர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கவிட்டபடியே எங்கள் கடைக்கு வந்தாள். வெளிநாட்டு வியாபாரி ஒருவரின் டாக்கா அலுவலகத்தில் ஒரு வருட வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த பெண் தயாராக இருந்தாள்.

அண்ணாச்சி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நீலக்கோடு. "மூணு மணி நேரம்னு போட்டிருக்கு. சரிதானே தாயி? மூணுன்னா பிள்ளைய அனுப்புவேன். அதுக்கு மேல ஆகும்னா அனுப்ப மாட்டேன். இதுல பேச்சே கிடையாது." நான் டீ சொல்லலாமா என்று வெளியே பார்த்தேன். டீக்கடைக்காரர் அன்றைக்குப் பார்த்துக் கடையை மூடியிருந்தார். விசா வரட்டும், டிக்கெட் போடும்போது பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒருவேளை சுத்திப் போக வேண்டி வருமுங்க" என்று மேசையைப் பார்த்துச் சொல்லி வைத்தேன். அவருடைய தோளுக்குப் பின்னால் ஜெசிந்தா, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள். அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"வானத்துல என்ன தாயி, வீடு கட்டியிருக்காங்களா, வயலு போட்டிருக்காங்களா, சுத்திப் போறதுக்கு? நேரா போக வேண்டியதுதானே."

கிழக்கே சூலம்

பழனிச்சாமி அண்ணன் குழந்தைகள் உடுப்பு தைக்கிற யூனிட் நடத்துகிறார். அவருடைய அப்பா காலம்வரை தறி ஓட்டிய குடும்பம். முருகனைக் கேட்காமல் ஊசி கூட வாங்க மாட்டார்கள். டாக்காவில் துணி விலை விசாரித்து வர அவருக்குச் சனிக்கிழமை டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அவர் மனைவி வசந்தாமணி அக்கா போன் செய்தார்.

"சனிக்கிழமை கெழக்க சூலமாச்சுங்களே. டாக்கா கெழக்கதானுங்க இருக்குது?"

ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் நாள்காட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அது பரவாயில்லையே என்று நான் நினைப்பதற்குள் அக்கா அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்துவிட்டார். திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் விமான நிலையம் மேற்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை போனால் விமான நிலையத்துக்கே போகக்கூடாது. சனிக்கிழமை போனால் விமான நிலையம்வரை போகலாம், விமானத்தில் ஏறக்கூடாது. அக்கா கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"ஏங்கண்ணு, கெழக்க போறதுக்கு ஏர்ப்போர்ட்டக் கொண்டுபோயி மேக்க வெச்சவிய ஆருங்க?"

போய்க்கொண்டே இருந்தவர்

அதற்கும் ஒரு வழி உண்டு. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் என்பார்கள். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பிய கணக்கு. பிறகு எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. ஆனால் பெட்டி திரும்ப வீட்டுப்படி ஏறக்கூடாது. எங்கள் கடையில் சுவரோரமாக எப்போதும் இரண்டு மூன்று பெட்டிகள் இப்படிக் கிளம்பி நிற்கும். டிக்கெட் போட்ட இடம் என்பதால் பாதி தூரம் போன மாதிரி என்று நினைக்கிறார்கள் போல. பழனிச்சாமி அண்ணனின் பெட்டியும் வியாழக்கிழமை கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தோடு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமையன்று அந்தச் சனிக்கிழமை விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த இடம் புதன்கிழமைதான் கிடைத்தது. வசந்தாமணி அக்கா பெட்டியை அரைகுறையாகக் கட்டுகிறவர் இல்லை. அண்ணனின் நல்ல சட்டைகள், மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரை, சவரப் பெட்டி எல்லாம் அதற்குள் இருந்தன. எனவே தினமும் காலையில் அண்ணன் குளித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் நாற்காலிகளுக்கு நடுவில் பெட்டியைத் திறந்து, மாத்திரை போட்டு, உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டு யூனிட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை எங்கள் கைகழுவும் தொட்டிக் கண்ணாடி முன்னால் முகம் முழுக்க நுரையோடு அவர் நின்றபோது, ஒரு நூல் ஏஜென்ட் டிக்கெட் விசாரிக்க உள்ளே வந்தார். "என்னங்க பழனிச்சாமி, நீங்க டாக்கா போயிட்டதா ஊட்டுல சொன்னாங்க?" என்று கேட்டார். அண்ணன் கத்தியை எடுக்காமலே கண்ணாடி வழியாகப் பதில் சொன்னார்.

"போயிட்டே இருக்கறனுங்க."

தும்மல்

ஒரு மத்தியான இடைவேளையில் ஜெசிந்தா தனியாக வந்தாள். டிபன் டப்பா கையில் இருந்தது. சாப்பிடாமலே வந்திருக்கிறாள் என்று, அதை மேசையில் வைத்த கனத்த சத்தத்தில் தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது இருக்கும். ஆனால் அவள் எதையும் சுற்றிப் பேசுகிறவள் இல்லை.

"பதினோரு மணி நேரம்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். அங்க போயிட்டு வந்த மாஸ்டர் சொல்லிட்டாரு. அப்பாகிட்ட நீங்க சொல்லிராதீங்க. போய்ச் சேந்தப்புறம் நானே சொல்லிக்கிடுதேன்."

"ஏன் மூணு மணி நேரத்துக்கு மேல வேண்டாங்கறாங்க?" என்று கேட்டேன்.

"கேட்டா, உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுதாவ. ஒருவேளை, அவசரம்னா ஓடி வர முடியாதுன்னு நெனைக்காவளோ என்னமோ. இதுல பட்டறையில இருக்கிற எல்லார்கிட்டயும் எம்மவ மூணு மணி நேரத்துல போயிருவான்னு சொல்லி வெச்சிருக்காவ."

அவளுடைய கம்பெனியில் இந்த மாதக் கடைசிக்குள் போகிறாயா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு வருடமாகச் செக்கிங் மேசை முன்னால் நின்று மற்றவர்கள் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்தாயிற்று, ஒருமுறையாவது இன்னொரு ஊரில் போய்க் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்த பிறகும் டேப்பின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். உங்கள் அப்பா என்னிடம் நேராகக் கேட்டால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது. உண்மை சொல்லவே குரல் பத்தாது. அவள் அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தாள்.

"பொய் சொல்ல வேண்டாம் சிஸ்டர். தும்மல் வந்த மாதிரி எந்திரிச்சு உள்ள போயிருங்க."

முதலில் பெட்டி

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஆள் பயணம் போவதில்லை. சாம்பிள் பயணம் போகிறது. அதைத் தூக்குவதற்காகக் கூடவே ஒரு ஆளும் போகிறார். இது எனக்குக் கார்த்திக் சாரிடம்தான் புரிந்தது. ஒரு பெரிய கம்பெனியில் ஆர்டர் பிரிவைப் பார்ப்பவர். போனை எடுத்ததும், "அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் டாக்காவுல ஆறு டி-ஷர்ட் இருக்கணும்" என்றார். பயணியின் பெயர் என்ன சார் என்றேன். அதை அவர் யோசித்திருக்கவில்லை. போனை மறைக்காமலே பக்கத்தில் யாரிடமோ, "ஏப்பா, உன்ற கிட்ட பாஸ்போர்ட் இருக்குதா?" என்று கேட்டார். அப்படித்தான் பிரகாஷ் என்ற உதவியாளர் தன் வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தேர்வானார்.

கல்கத்தாவில் விமானம் மாறுகிற இடைவெளி குறைவாக இருந்தது. சில சமயம் ஆள் ஏறிவிடுவார், பெட்டி அடுத்த விமானத்தில்தான் வரும் என்று எச்சரித்தேன். மறுமுனையில் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம். எதையோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. கைப்பையிலேயே துணியை எடுத்துப் போகலாம் என்று நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"அப்ப ஒண்ணு பண்ணும்மா. பெட்டிய முதல் ஃப்ளைட்டுல அனுப்பிடு, பிரகாஷ அடுத்த ஃப்ளைட்டுல போடு."

திருப்பிக் கொடுத்த அரை மணி

செல்வராஜ் அண்ணன் பின்னல் மெஷின் ஃபிட்டர். பல்லடத்துக்காரர். டாக்காவில் போய் இறங்கிய உடனே அங்கிருந்து போன் செய்து, நான் சொன்னதைவிட அரை மணி நேரம் அதிகமாக ஆகிவிட்டது, இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அந்த ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட அரை மணி முன்னால் ஓடும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு மெஷின் வேகமாக ஓடினால் எங்கேயாவது பல்சக்கரம் தேய்ந்திருக்கும் என்பது அவருடைய அனுபவம். வேலை முடிந்து ஊர் திரும்பியதும், போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, அதற்காகவே கடைக்குள் வந்தார்.

"அரை மணி நேரத்தப் புடிச்சுட்டாங்கன்னு நெனச்சனுங்க. திரும்பி வாரப்ப குடுத்துட்டாங்க. நாயமான ஆளுகதானுங்க."

கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும்

எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஒரு தையல் யூனிட் இருக்கிறது. அங்கே தைக்கிற பிஜோய்க்கு மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் ஒரு கிராமம். ஊருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு நாள் ரயில். பிறகு இன்னொரு ரயில், பிறகு பஸ். ரயில் டிக்கெட் கேட்டு அவர் வரும்போதெல்லாம் காத்திருப்போர் பட்டியல்தான் இருக்கும். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவர் பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு மாடிப்படி ஏறிவிடுவார். எங்கள் இருவருக்கும் பேச்சு அதிகம் தேவைப்பட்டதில்லை.

ஒருநாள் அவர் வந்தபோது யாருக்கோ டாக்கா டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கோடு. பிஜோய் குனிந்து பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலைத் திரைமேல் வைத்து, அந்தக் கோடு எல்லையைத் தொடுகிற இடத்தில் நிறுத்தினார். "நம்ம ஊருங்க" என்றார். திருப்பூரில் கற்ற தமிழ் என்பதால் அவர் பேச்சில் 'ங்க' தவறாது; அக்கா என்பதற்கு மட்டும் வங்காளத்துத் 'தீதி'தான். அந்த விமானத்தில் டாக்காவுக்குப் போகிறீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"டாக்கா வேண்டாங்க தீதி. நடுவிலே கொஞ்சம் ஸ்லோ பண்ணச் சொல்லுங்க, நான் இறங்கிக்கிறேன்."

பதினோரு மணி நேரம்

ஜெசிந்தாவுக்கு விசா வந்துவிட்டது. டிக்கெட்டைப் பதிவு செய்ய அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். சுமதி அக்கா நிலைமையைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே டீ சொல்லி அனுப்பினார். டீயும் வந்தது. அண்ணாச்சி அதை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"டீ கெடக்கட்டும் தாயி. மூணு மணி நேரந்தானே?"

ஜெசிந்தா என்னையே பார்த்தாள். தும்மலுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மூக்கைக்கூடச் சுருக்கிப் பார்த்தேன். ஆனால் மகளுக்காக இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிற ஒருவர் முன்னால் தும்ம முடியவில்லை. பதினோரு மணி நேரம் ஆகும் என்று சொன்னேன். என் குரலைவிட மின்விசிறியின் சத்தம் அதிகம். "என்னது?" என்றார். இரண்டாவது முறை கொஞ்சம் கூடுதலாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. உள்ளறையிலிருந்து சுமதி அக்கா எட்டிப் பார்த்தார். சென்னையில் இறங்கி ஏற வேண்டும், கல்கத்தாவில் இறங்கி ஏற வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்தேன். ஜெசிந்தா கண்ணைத் தரையில் இறக்கிக்கொண்டாள்.

அண்ணாச்சி குனிந்து மகளின் கால்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பதினோரு மணி நேரமும் நின்னுக்கிட்டா?"

எனக்குப் புரியவில்லை. அவர் போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் வீடியோவைத் திறந்து காட்டினார். விமானத்துக்குள் நாற்காலிக்குப் பதிலாக வரிசையாகக் கம்பங்கள். அதில் சாய்ந்தபடி ஆட்கள் நிற்கிற மாதிரி ஒரு படம். இனிமேல் விலை குறைந்த விமானங்களில் நின்றுகொண்டுதான் போக வேண்டும் என்று பின்னணியில் ஒரு குரல் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டறையில் யாரோ அனுப்பியதாம்.

"கம்பெனிக்காரன் எதுல அனுப்புவான்? கொறஞ்ச ரேட்டுலதானே அனுப்புவான்? கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவோம் பாத்துக்க. பஸ் ஸ்டாண்டுல கூட்டம் அள்ளும். ஒரு வருசம்கூட சீட்டு கெடைச்சதில்ல. நின்னுக்கிட்டேதான் போவோம். திண்டுக்கல் வரைக்கும் தாங்கிருவா. மூணு மணி நேரம். அது தாண்டிச்சின்னா பிள்ளைக்குக் காலு ரெண்டும் வீங்கிரும். செருப்பு நொழையாது. மூணு மணி நேரத்துக்கு மேல இவளால நிக்க முடியாதுன்னு எனக்குத்தானே தெரியும்."

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்காப்பா மூணு மணி நேரம் மூணு மணி நேரம்னு சொன்னீக?"

"பின்ன எதுக்குட்டி?"

"செக்கிங் டேபிள்ல நாள் பூரா நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அந்த டேபிள் ஆடுதா? வளைவுல திரும்புதா? குறுக்க ஆடு வந்துட்டுன்னு பிரேக் போடுதா? பேச வந்துட்டா."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். விமானத்தின் இருக்கைப் படத்தைத் திறந்து, ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். இது உங்கள் மகளுடைய இடம், ஜன்னலோரம், பெல்ட் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், சொல்லாமல் எழுந்து நின்றால்தான் திட்டுவார்கள் என்றேன். அந்தக் கவுண்டரில் நான் மூச்சுவிடாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். அண்ணாச்சி முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். விலை மலிவு விமானத்திலும் இப்படித்தானா என்றார். எல்லாவற்றிலும் இப்படித்தான் என்றேன்.

"மூணு ப்ளேன்லயும் சீட்டு உண்டா?"

"மூணுலயும் உண்டுங்க."

"நடுவுல காத்துக் கெடக்க எடத்துல?"

"அங்கயும் நாற்காலி இருக்குதுங்க. சாஞ்சுக்கலாமுங்க."

அவர் நிமிர்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை வைத்தார். போன் திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்த ஆட்களை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஜெசிந்தா பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினாள். அதை வாங்கி அவள் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வருவதற்கும் இப்போதே பார்க்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார். டாக்காவிலிருந்து சென்னை வந்தால், அங்கிருந்து தூத்துக்குடிக்கே விமானம் இருக்கிறது, ஊருக்குப் பக்கத்திலேயே இறங்கலாம் என்றேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"உக்காந்து போறதுன்னா பதினொன்னு என்ன தாயி, பதினஞ்சு ஆனாலும் போயிட்டு வரட்டும். கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடியிலேயே வந்து எறங்கட்டும். நாங்க இங்கேருந்து நின்னுக்கிட்டு ஊரு போய்ச் சேருததுக்குள்ள அவ கோழிக்கொழம்பே வெச்சு எறக்கிருவா."

இப்போதெல்லாம் இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், உட்கார இடம் உண்டு என்பதில்தான் என் பதிலை ஆரம்பிக்கிறேன்.